பேஷ்வாக்கள் கதை – 11: நீதிபதி ஊரைவிட்டுப் போனார்

இதுவரை: 1761இல் பானிபட் களத்தில் மூத்த மகன் விஸ்வாசராவைப் பறிகொடுத்த நானாசாகேப் பேஷ்வா, அந்தத் துக்கத்திலேயே புனேயின் பர்வதி மலையில் கண்மூடினார். அடுத்த மகன் மாதவராவ் 16 வயதில் பதவிக்கு வந்து, நொறுங்கிக் கிடந்த மராட்டிய அரசைத் தூக்கி நிறுத்தினார். காசநோய் அவரை விடவில்லை. 1772 நவம்பர் 18 அன்று தேஊர் கணபதி கோயிலில் அவர் உயிர் பிரிந்தது. புனேயின் மகர்பட்டாவிலிருந்து சோலாப்பூர் சாலையில் கிழக்கே போகிறவர்கள் அந்தக் கோயிலை இன்றும் பார்க்கலாம். சாவதற்கு முன் தம்பி நாராயணராவைச் சித்தப்பா ரகுநாதராவின் பொறுப்பில் ஒப்படைத்தார் மாதவராவ்.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம்தான்.

*

ஒரு மாளிகை, இரண்டு உரிமையாளர்கள்

1772 டிசம்பரில் சாத்தாராவில் சத்ரபதி ராம்ராஜாவிடம் பேஷ்வா பதவிக்குரிய உடைகளைப் பெற்றபோது நாராயணராவுக்கு வயது 17. அண்ணனின் நிதானம் இவருக்கு வாய்க்கவில்லை. அவசரக்காரர், பெரியவர்களிடமும் சட்டென்று வார்த்தையை விட்டுவிடுவார் என்று மராட்டிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

சித்தப்பாவுக்கு 38. மராட்டியர் அவரை ராகோபா என்பார்கள். 1758இல் மராட்டியக் கொடி சிந்து நதிக்கரை அட்டோக் வரை போனது அவர் தலைமை தாங்கிய படையெடுப்பில்தான். அண்ணன் நானாசாகேப் இறந்ததும் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்தார். அது அண்ணன் மகனுக்குப் போனது. கலகம் செய்தார். 1768இல் தோடப் கோட்டையருகே மாதவராவிடம் தோற்றார். புனேயில் பேஷ்வாக்களின் மாளிகையான சனிவார் வாடாவிலேயே சிறை வைக்கப்பட்டார். மாதவராவ் தன் கடைசி நாட்களில்தான் அவரை விடுவித்தார்.

இப்போது இன்னொரு அண்ணன் மகன் அவருக்கு மேலே உட்கார்ந்திருந்தான்.

சில மாதங்கள்கூட ஒத்துப்போகவில்லை. 1773 ஏப்ரல் 11 அன்று நாராயணராவ் சித்தப்பாவை மறுபடியும் அடைத்தார். தொலைவில் உள்ள மலைக்கோட்டைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தானும் மனைவியும் குடியிருந்த அதே சனிவார் வாடாவில் அடைத்தார். கைதிக்கும் பேஷ்வாவுக்கும் ஒரே வேலைக்காரர்கள், ஒரே காவலர்கள், ஒரே முற்றம்.

பங்காளிச் சண்டையை மராட்டியர் பாவ்பந்த்கி என்பார்கள். நான் குடியிருக்கும் மகர்பட்டா அதற்கு நேர் எதிரான கதை. ஹடப்சரை ஒட்டிய இந்த இடம் மகர் குடும்பங்களின் பூர்வீக விளைநிலம். நகரம் நெருங்கி வந்தபோது ஆளுக்கொரு துண்டாக விற்றுப் பிரிந்துவிடாமல், ஏறத்தாழ 120 குடும்பங்கள் 400 ஏக்கர் அளவிலான நிலத்தை ஒன்றாகச் சேர்த்தன. நிலத்துக்கேற்ற பங்குகளை எடுத்துக்கொண்டு நிறுவனமாக மாறின. பங்காளிகளிடம் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவர் சதீஷ் மகர். பேஷ்வா குடும்பத்திலும் எல்லோரையும் இழுத்துப் பிடித்து வைக்க ஒருவர் இருந்தார். தேஊர் கோயிலில் அவர் கதை முடிந்துவிட்டது.

*

கூலிக்கு வந்த காவல்

சனிவார் வாடாவைக் காத்தவர்கள் கார்திகள். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற கூலிக் காலாட்படை. பானிபட்டில் இப்ராகிம் கான் கார்தியின் கீழ் கடைசிவரை நின்று மடிந்தவர்களும் கார்திகளே. ஆனால் 1773இல் புனேயில் இருந்த கார்திகளுக்குத் தலைவன்மேல் பற்று ஏதும் இல்லை. உப்பிட்டவரை நினைப்பதைவிடச் சம்பளப் பாக்கியை நினைத்தார்கள்.

சிறைக்குள் இருந்த ராகோபாவுக்கும் வெளியே நின்ற கார்தித் தலைவர்களுக்கும் நடுவே ஓடிய ஆள், ராகோபாவின் வேலைக்காரன் துளாஜி பவார். தலைவர்களில் முக்கியமானவர்கள் சுமேர் சிங், முகம்மது யூசுப். பேசி முடிக்கப்பட்டது. நாராயணராவைப் பிடித்து அடைக்க வேண்டும், ராகோபாவைப் பதவியில் அமர்த்த வேண்டும். எழுத்தில் உத்தரவு கேட்டார்கள் கார்திகள். ராகோபா எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாள் கொலைக்குப் பிறகு ஒரு நீதிபதியின் கைக்கு வரும். அப்போது அதில் இருந்த சொல் வேறாக இருக்கும்.

*

1773 ஆகஸ்ட் 30

விநாயகர் விழாக் காலம். முற்பகலிலேயே காவலர்களிடம் ஏதோ சலசலப்பு. கொங்கணக் கடற்கரையிலிருந்து வந்திருந்த ரகுஜி ஆங்கரே, உங்களுக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று பேஷ்வாவின் காதில் போட்டார். நாராயணராவ் தன் நம்பிக்கைக்குரிய படைத்தலைவர் ஹரிபந்த் பட்கேயை அழைத்து, மாளிகைக் காவலைப் பலப்படுத்தச் சொன்னார்.

ஹரிபந்த் சரி என்றார். முதலில் நண்பர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார்.

பேஷ்வா மதிய உறக்கத்துக்குப் போனார்.

ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்திலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. மன்றத்துக்குப் போகும் வழியில் அர்த்தமிடோரஸ் என்பவன் சதிகாரர்களின் பெயர்கள் எழுதிய கடிதத்தை நீட்டுகிறான். இது உங்கள் சொந்த விஷயம், முதலில் படியுங்கள் என்கிறான். சொந்த விஷயம் என்றால் கடைசியில்தான் பார்ப்பேன் என்று சீசர் நடக்கிறார். ரோமில் தலைவனின் பெருமிதம் எச்சரிக்கையைத் தள்ளிப்போட்டது. புனேயில் விசுவாசியின் பசி.

கூச்சல் கேட்டு நாராயணராவ் எழுந்தபோது கார்திகள் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். சம்பளப் பாக்கி வேண்டும் என்பது வாயில் இருந்த கோரிக்கை. கையில் இருந்தவை உருவிய வாட்கள். தடுத்த வேலைக்காரர்கள் வெட்டப்பட்டார்கள்.

18 வயது பேஷ்வா ஓடினார். வாசலை நோக்கி ஓடவில்லை. சித்தப்பாவின் அறைக்கு ஓடினார். உயிருக்கு ஆபத்து வந்தபோது, தான் சிறை வைத்த மனிதரிடமே அடைக்கலம் கேட்டார். ரகுநாதராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காகா (சித்தப்பா), என்னைக் காப்பாற்றுங்கள் என்று அவர் அலறியது புனேயின் வாய்வழி மரபில் இன்றுவரை நிற்கிறது. சனிவார் வாடாவில் இரவில் அந்தக் குரல் கேட்கிறது என்று சொல்லும் பேய்க்கதைக்கு ஊற்றும் அதுவே.

ரகுநாதராவ் சுமேர் சிங்கிடம் கெஞ்சினார் என்றே பழைய பதிவுகள் சொல்கின்றன. விட்டுவிடு என்றார்.

சுமேர் சிங் கணக்குப் போட்டுவிட்டான். பேஷ்வா உயிரோடு தப்பினால் நாளை கழுவில் ஏறப்போவது தான். இவ்வளவு தூரம் வந்தது என் தலையை நானே கொடுக்க அல்ல, பையனை விடுங்கள், இல்லாவிட்டால் நீங்களும் சேர்ந்து சாவீர்கள் என்ற பொருளில் பதில் சொன்னான்.

அடுத்த கணம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ரகுநாதராவ் தன் உடலை விடுவித்துக்கொண்டார்.

துளாஜி பவார் நாராயணராவின் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான். அப்போது உள்ளே ஓடிவந்தான் பேஷ்வாவின் பணியாள் சாபாஜி டிலேகர். கையில் ஆயுதம் இல்லை. எஜமானின் மேல் விழுந்து இறுக்கக் கட்டிக்கொண்டான். வாட்கள் இருவரையும் சேர்த்தே வெட்டின.

அந்த மாளிகையில் படைத்தலைவர்களும் அமைச்சர்களும் பேஷ்வாவின் சோற்றைத் தின்றவர்கள். குறுக்கே விழுந்தவன் பட்டியலில் கடைசியாக வரும் பெயர்.

*

கடிதங்கள் செய்யும் வேலை

கொன்றவர்கள் கார்திகள். கொல்லச் சொன்னது யார்?

இந்தக் கேள்வி தமிழருக்குப் பழக்கமானது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, உறவினர் சொத்துகளையும் பறிக்க உத்தரவிடுகிறது ராஜராஜனின் அரசு. ஏவியவர் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் கல்கி ஐந்து பாக நாவல் எழுதினார். நாமும் ஆயிரம் ஆண்டாக ஊகம் செய்துகொண்டிருக்கிறோம்.

புனேயில் அப்படி ஆகவில்லை. ஏறத்தாழ ஆறு வாரத்தில் ஒரு மனிதர் ஏவியவரின் பெயரைச் சொன்னார். அதுவும் அவர் முகத்துக்கு நேரே.

அந்த மனிதர் கையில் சிக்கிய சான்றுதான் முன்னே சொன்ன தாள். சுமேர் சிங்குக்கும் முகம்மது யூசுப்புக்கும் ரகுநாதராவ் எழுதியது. பிடிக்கவும் என்ற பொருளில் 'தராவே' என்று அவர் எழுதியிருக்க, முதல் எழுத்து மாற்றப்பட்டு 'மாராவே' ஆகியிருந்தது. கொல்லவும். 1826இல் வெளிவந்த கிராண்ட் டஃப்பின் மராட்டியர் வரலாறு இந்தச் செய்தியைப் பதிந்திருக்கிறது. மாற்றிய கை ரகுநாதராவின் மனைவி ஆனந்திபாயுடையது என்றது ஊர். இன்றுவரை அது ஊர்ச்சொல்லாகவே நிற்கிறது.

ரோம நாடகத்திலும் சதி கடிதத்தில்தான் முற்றுகிறது. புரூட்டஸ் தயங்குகிறான். சீசர் அவனுக்கு நண்பர். அந்தத் தயக்கத்தை உடைக்க, வெவ்வேறு குடிமக்கள் எழுதியவைபோலப் போலிக் கடிதங்களைத் தயாரித்து அவன் வீட்டுக்குள் எறியச் செய்கிறான் காசியஸ். நாடே தன்னை அழைப்பதாக நம்பிக் கத்தியை எடுக்கிறான் புரூட்டஸ்.

வேறுபாடு ஒன்று உண்டு. புரூட்டஸ் ஒரு கொள்கைக்காகக் கொன்றதாகக் கடைசிவரை நம்பினான். ரகுநாதராவிடம் அப்படி எந்தக் கொள்கையும் இல்லை. பிடிக்கத்தான் சொன்னேன் என்பதே அவருடைய ஒரே வாதம். தாள் திருத்தப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். கட்டிப்பிடித்திருந்த கைகளை விலக்கச் சொல்லி எந்தத் தாளும் எழுதப்படவில்லை.

*

ராம் சாஸ்திரி

சாத்தாரா அருகே மாஹுலியில் பிறந்த ராம் சாஸ்திரி பிரபுணே, பேஷ்வா அரசின் தலைமை நீதிபதி. அன்றைய தேவைக்கு மேல் வீட்டில் எதையும் சேர்த்து வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர்.

அவருடைய முறையைப் புரிந்துகொள்ள மாதவராவ் காலத்துக் கதை ஒன்று போதும். இளம் பேஷ்வா மாதவராவ் ஜபதபத்தில் மூழ்கி அரசு வேலையைத் தள்ளிப்போட்ட காலம். ஒருநாள் ராம் சாஸ்திரி பார்க்க வந்தார், பேஷ்வா தியானத்தில் இருந்தார். மறுநாள் வந்து, காசிக்குப் போக விடை கொடுங்கள் என்றார். பிராமணனாகத் தவம் செய்வதானால் இருவரும் சேர்ந்தே கங்கைக்கரைக்குப் போகலாம், ஆள்வதானால் குடிகளுக்காக நேரத்தைச் செலவழியுங்கள் என்று விளக்கினார். மாதவராவ் தவற்றை ஒப்புக்கொண்டு அந்தப் பழக்கத்தை விட்டார்.

நீட்டி முழக்கும் சொற்பொழிவு எதுவும் ராம் சாஸ்திரியிடம் கிடையாது. நான் போகிறேன் என்பதுதான் அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம்.

இப்போது எதிரே இருந்தவர் மாதவராவ் அல்ல.

வேறு வாரிசு இல்லை என்ற நிலையில் ரகுநாதராவ் பேஷ்வா ஆகிவிட்டிருந்தார். சாத்தாராவிலிருந்து பதவி உடைகள் வந்தாயிற்று. அமைச்சர்கள் தலைவணங்கியாயிற்று. ராம் சாஸ்திரி விசாரணையை முடித்துக்கொண்டு அவர் முன் போய் நின்றார். பிடிக்க உத்தரவு கொடுத்ததை ரகுநாதராவ் ஒப்புக்கொண்டார். இதற்கு என்ன பிராயச்சித்தம் என்று கேட்டார்.

தானம், யாகம், தீர்த்த யாத்திரை என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருக்கலாம்.

உயிரைக் கொடுப்பது ஒன்றே பிராயச்சித்தம் என்றார் நீதிபதி. நீங்கள் தலைமையில் இருக்கும்வரை இந்த அரசில் பதவி ஏற்கமாட்டேன், புனேக்குள் கால்வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினார். வாய் என்ற ஊருக்கு அருகே ஒரு சிற்றூரில் போய்த் தங்கினார்.

அவரைக் கைது செய்ய ரகுநாதராவுக்குத் துணிவு வரவில்லை.

ரோமில் சீசரின் உடலை மக்கள்முன் கிடத்தி ஆண்டனி பேசினான். கூட்டத்தை அழவைத்தான், கோபப்படவைத்தான், உயிலைக் காட்டி ஆசைப்படவைத்தான். ஊர் பற்றி எரிந்தது. சதிகாரன் ஒருவனின் பெயரைக் கொண்டிருந்த ஒரே காரணத்தால் சின்னா என்ற அப்பாவிக் கவிஞனைக் கூட்டம் கிழித்துப்போட்டது. பேச்சால் மூட்டிய நீதிக்கு அந்த விலை.

புனேயில் ஒரு குடிசையும் எரியவில்லை. ஒரு தீர்ப்பு, ஒரு வெளியேற்றம். அவ்வளவே. ஆனால் அதன் பிறகு ரகுநாதராவின் ஆட்சியில் பங்கெடுத்த ஒவ்வொருவரும், கொலைகாரர் என்று நீதிபதியே தீர்ப்பளித்தவரிடம் சம்பளம் வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்க வேண்டியதாயிற்று. காடில்கர் 1909இல் 'பாவ்பந்த்கி' நாடகம் எழுதியபோதும், புனேயின் பிரபாத் நிறுவனம் 1944இல் 'ராம்சாஸ்திரி' படம் எடுத்தபோதும் மராட்டியர் திரும்பிப் போனது இந்தக் காட்சிக்குத்தான்.

*

சாக்குப்போக்குகளின் படை

தலைநகரில் இருக்க ரகுநாதராவுக்குப் பிடிக்கவில்லை. படையெடுத்து வென்றால் பழி மறையும் என்று எண்ணினார். நிஜாமை நோக்கியும், பிறகு மைசூரின் ஹைதர் அலியை நோக்கியும் படையுடன் கிளம்பினார்.

தெற்கே அதே நாட்களில் இன்னொரு மராட்டிய அரியணை சரிந்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியும் ஆங்கிலேயரும் சேர்ந்து 1773 செப்டம்பர் 17 அன்று தஞ்சாவூரைப் பிடித்தார்கள். மன்னர் துளஜா கைதியானார். நாராயணராவ் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தஞ்சை மராட்டியருக்குக் குரல் கொடுக்க வேண்டிய புனே, தன் வீட்டு ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

ரகுநாதராவின் பாசறையில் ஒரு விந்தை நடக்கத் தொடங்கியது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக விடுப்புக் கேட்டார்கள். ஒருவருக்கு ஒரு காரணம், இன்னொருவருக்கு இன்னொன்று. கேட்டவர்களுக்கெல்லாம் விடை கிடைத்தது. போனவர்கள் எல்லோரும் புனேயில் ஒன்றுகூடினார்கள்.

கணக்கில் புலியான நானா பட்னவிஸ் அவர்களில் ஒருவர். நண்பர் வீட்டுச் சாப்பாட்டை முடித்துத் திரும்புவதற்குள் எஜமானை இழந்த ஹரிபந்த் பட்கே மற்றொருவர். பேஷ்வாக்களின் உறவினர் திரிம்பக்ராவ் பேட்டே இன்னொருவர். எல்லோருக்கும் மேலே சகாராம் பாபு போகில்.

சகாராம் பாபுதான் புதிர். மராட்டிய அரசியலில் 'மூன்றரை அறிவாளிகள்' என்று ஒரு வழக்கு உண்டு. முழு அறிவாளிகள் மூவரில் அவர் ஒருவர். வாள் பிடிக்காததால் நானா அரை அறிவாளி. சகாராம் பாபு நெடுங்காலமாக ராகோபாவின் ஆதரவாளர். அவரே ராகோபாவுக்கு எதிரான அணிக்குத் தலைமை ஏற்றார். மனசாட்சி உறுத்தியதா, காற்று திரும்பும் திசையைக் கணித்தாரா? இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

இந்த அணிக்கு பாரபாய் என்று பெயர். பன்னிரண்டு சகோதரர்கள். ராம் சாஸ்திரி செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள்: எழுந்து போனார்கள். அவர் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போனார். இவர்கள் பொய் சொல்லிவிட்டுப் போனார்கள். கொலையாளியை வீழ்த்தியவர்கள் என்று வரலாறு இவர்களைப் போற்றுகிறது. ரகுநாதராவின் கண்ணில் இவர்கள் துரோகிகள். ஒரு சதியை இன்னொரு சதியால்தான் வெல்ல முடிந்தது என்பதே 1773 குளிர்காலத்தின் கசப்பான உண்மை. ஆனால் நீதிபதி முதலில் வழியைத் திறந்துவிட்டிருக்காவிட்டால், அந்தப் பன்னிருவருக்கும் சதி செய்யும் துணிவு வந்திருக்குமா என்பது ஐயமே.

*

புரந்தர் போன பல்லக்கு

சதிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. யாருக்காகப் போராடுகிறோம் என்று படைகளிடம் சொல்ல ஒரு வாரிசு வேண்டும்.

அந்த வாரிசு நாராயணராவின் இளம் விதவை கங்காபாயின் வயிற்றில் இருந்தது. கணவர் இறந்தபோது அவள் கருவுற்றிருந்தாள்.

1774 ஜனவரியில் நானாவும் ஹரிபந்தும் அவளைச் சனிவார் வாடாவிலிருந்து அகற்றிப் புரந்தர் மலைக்கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். பானிபட்டில் மாண்ட சதாசிவராவ் பாவின் மனைவி பார்வதிபாய் துணைக்குப் போனார். இன்று மகர்பட்டாவிலிருந்து புரந்தர் போகிறவர்கள் ஹடப்சரில் தெற்கே திரும்பி, திவே கணவாய் ஏறி, சாஸ்வட் வழியாகப் போவார்கள். ஒரு காலைப் பயணம். அன்று அந்தக் கோட்டையின் மதில்களுக்குப் பின்னால் வைக்கப்பட்டது ஒரு பேரரசின் எதிர்காலம்.

இனி ஆட்சி கங்காபாயின் பெயரில் நடக்கிறது என்று அறிவித்தார்கள். செய்தி கேட்ட ரகுநாதராவ், தெற்கே போவதை விட்டுப் படையைப் புனே நோக்கித் திருப்பினார்.

ஊரில் ஒரு பேச்சு பரவியது. கங்காபாயோடு வேறு சில கர்ப்பிணிப் பெண்களும் கோட்டைக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள் என்றார்கள். எதற்காக என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

நீதியின் பெயரால் கூடிய பன்னிருவர், தங்கள் நியாயம் முழுவதையும் பிறக்காத ஒரு குழந்தையின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அது ஆணாகப் பிறந்தால் ரகுநாதராவ் பதவியைத் திருடியவர். பெண்ணாகப் பிறந்தால் அவரே சட்டப்படி பேஷ்வா, பன்னிருவரும் ராஜதுரோகிகள்.

பெண் பிறந்திருந்தால் நானா பட்னவிஸ் என்ன செய்திருப்பார்? ராம் சாஸ்திரி அதை அனுமதித்திருப்பாரா? வாசகர்கள் தங்கள் தீர்ப்பை யோசித்து வையுங்கள்.

ரகுநாதராவின் படை வடக்கே வந்துகொண்டிருந்தது. பிரசவத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.

(தொடரும்)